திரையைப் பார்த்த நாலு விநாடி

ஆகஸ்ட் 6

பொடிசு,

பன்னிரண்டு தடவை போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. அதற்கு மேல் அடித்தால் எனக்கே அசிங்கம். அதனால்தான் இந்தத் தாள். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று உன் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். இடுப்பிலும் தொடையிலும் கம்பி வைத்திருக்கிறார்களாம். ராத்திரி தூங்குகிறாரா? நீ தூங்குகிறாயா?

எனக்குத் தோள்பட்டை எலும்பில் ஒரு கீறல், அவ்வளவுதான். கையைத் தாங்கியிருந்த தூக்குப்பட்டையை நேற்று கழற்றிவிட்டார்கள். விசாரணை முடிகிறவரை பஸ் ஓட்டக் கூடாது என்று டிப்போவில் உத்தரவு. சும்மா உட்கார வைக்க மனசில்லாமல், பயணிகள் விட்டுப்போன சாமான்கள் இருக்கிற அறையில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் இல்லை. குடை மட்டும் நாற்பத்தொன்று இருக்கிறது. ஒரு பல்செட்டும் இருக்கிறது. அதைத் தேடி இதுவரை யாரும் வரவில்லை. வாய் திறந்து கேட்க முடியவில்லையோ என்னவோ.

சிரிப்பு வராது உனக்கு, தெரியும். எனக்கும் வரவில்லை.

போலீஸில் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன். மழை. காரின் முன் கண்ணாடியில் ஆவி கட்டியது. அதைப் போக்கத் திரையைப் பார்த்தேன். தலையை நிமிர்த்தியபோது லாரி. என் தப்பு. வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், எழுதினால் கொஞ்சம் நிதானம் இருக்கும் என்று எழுதுகிறேன்.

அவருக்கு இடது கால் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்குக் கால் மடங்காவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லிஃப்ட் போகிற குழிக்குள் இறங்க முடியாது, ஏணியில் ஏற முடியாது. மாடிப்படி ஏற முடியாததால் கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறேன். காலையில் அவரைக் குளிப்பாட்டிவிட்டு லேபுக்குப் போகிறேன். எட்டு மணி நேரம் மற்றவர்கள் ரத்தத்தை எண்ணிவிட்டு வந்து மறுபடி அவரைத் திருப்பிப் போடுகிறேன்.

"என் தப்பு" என்று எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவளுக்கு ஒரு காரில் ஒரு பொத்தானைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? அன்றைக்கு எனக்கு லேபில் லீவு கிடைத்திருந்தால் நானே அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பேன். நீ ஊரிலிருந்து வந்திருக்கிறாயே, கை தேர்ந்தவளாயிற்றே என்றுதான் உன்னிடம் சாவியைக் கொடுத்தேன். திரும்பி வரும்போது சொட்டு மருந்தால் கண் கூசுகிறது என்று அவர் கண்ணை மூடி அப்படியே தூங்கிப்போனாராம். முழித்தபோது கதவு காலுக்குள் இருந்ததாம். பக்கத்தில் இருந்தவரை எழுப்பி, "தம்பி, இது எங்க இருக்கு"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. உனக்கு எப்போதும் எல்லாம் தெரியும். யாரையும் எதுவும் கேட்க மாட்டாய்.

நிதானமாக எழுதுவேன் என்றேன். முடியவில்லை.


ஆகஸ்ட் 26

பொடிசு,

உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது மூன்றாவது.

பொத்தானைக் கண்டுபிடிக்கத் தெரியாதா என்று கேட்டாய். பொத்தான் இல்லையடி. அதுதான் சங்கதி. என் பஸ்ஸில் கண்ணாடிக்குக் காற்று விட ஒரு திருகு இருக்கிறது, வலது முட்டிக்கு நேர் மேலே. பக்கத்தில் துடைப்பானுக்கு ஒன்று. அதற்கும் இதற்கும் அளவு வேறு, ஒன்றின் தலையில் பள்ளம் இருக்கும். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலே போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் வருஷம் என் கூட வந்த கண்டக்டர், "நீ தூக்கத்துல கூட வைப்பர் போடுவே"ன்னு கிண்டல் பண்ணுவார்.

மாப்பிள்ளை காரில் திருகும் கிடையாது, பொத்தானும் கிடையாது. டிவி மாதிரி ஒரு திரை. அதில் தொட்டால் ஒரு பக்கம், அதற்குள் இன்னொரு பக்கம். தடவிப் பார்த்தால் எல்லா இடமும் ஒரே வழவழப்பு. கைக்கு எதுவும் தெரியாது, கண்ணால்தான் பார்த்தாக வேண்டும். வண்டி குலுங்கினால் விரல் வேறு எங்கோ போய் விழும். கிளம்பும்போதே "இதுல காத்து எங்க, துடைப்பான் எங்க"ன்னு கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். பஸ்ஸை எடுக்கும் முன்னால் தினமும் சுற்றிப் பார்க்கிறவள், அன்றைக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அது என் தப்புதான், மறுக்கவில்லை.

அவர் தூங்கியதைப் பற்றி எழுதியிருந்தாய். அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே இருக்கட்டும்.

காலுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் வீட்டுக்கு வருகிறாரா? விட்டுவிடாதே. வலிக்கிறது என்று சொன்னாலும் விடாதே.

அக்கா


செப்டம்பர் 12

அக்கா,

போக்குவரத்து ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அக்டோபர் 28 அன்று உன் லைசென்ஸ் விசாரணையாம். காயம்பட்டவரின் குடும்பம் ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதி அனுப்பலாம் என்று போட்டிருந்தது. அனுப்பிவிட்டேன். என்ன எழுதினேன் என்று கேட்காதே.

பயிற்சிக்காரர் வாரத்தில் மூன்று நாள் வருகிறார். அவர் போன பிறகு இவர் ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். என்னிடம் அதிகம் பேசுவதில்லை. உன் பெயரை எடுத்தாலே தண்ணீர் கேட்கிறார்.


செப்டம்பர் 30

அக்கா,

இன்று தபாலில் கார் கம்பெனியிலிருந்து ஒரு கற்றை வந்தது. விபத்து நேரத்தில் கார் தானாகவே எழுதி வைத்த கணக்காம். கார் அவர் பெயரில் இருப்பதால் ஒரு பிரதி வீட்டுக்கு. அவர் தூங்கிக்கொண்டிருந்தார், நான்தான் பிரித்தேன்.

வரிசை வரிசையாக எண்கள். இந்த மாதிரித் தாள்களைப் படித்துத்தான் நான் சோறு சாப்பிடுகிறேன், உனக்குத் தெரியும். சமையல் மேடையில் நின்றபடியே படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை.

கடைசி பதினாலு விநாடிக்கு ஒரு பக்கம். திரையை ஏழு தடவை தொட்டதாக இருக்கிறது. அதற்குப் பக்கத்து வரிசையில், ஸ்டியரிங்கில் கை இருக்கிறதா என்று அந்தக் கார் விநாடிக்கு விநாடி பார்த்துக் குறித்து வைத்திருக்கிறது. பதினாலு விநாடியிலும் "இரண்டு கை" என்று இருக்கிறது. ஒரு விநாடி விடாமல். மறுபடி மறுபடி பார்த்தேன். நான் படிப்பதில்தான் தப்போ என்று விரலை வைத்துப் படித்தேன்.

உன் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தால் திரையைத் தொட்டது யார்?

காரில் இருந்தது இரண்டே பேர்.

எனக்கு உண்மையை எழுது. கால் வலி, பயிற்சி, குடை, பல்செட், ஒன்றும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுது. நீ எழுதுகிறவரை அவரிடம் நான் இதைக் கேட்கப் போவதில்லை.


அக்டோபர் 5

பொடிசு,

சரி. எழுதுகிறேன். எனக்கும் சுமந்து சுமந்து அலுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது மாப்பிள்ளை நல்ல உற்சாகத்தில் இருந்தார். "பாத்தீங்களாக்கா, ஒரு பொத்தான் கிடையாது, எல்லாம் இதுலயே"ன்னு காட்டிக்கொண்டே வந்தார். அவர் வேலை பார்க்கிற லிஃப்டுகளில் கூட இந்த மாதிரித் திரை வரப்போகிறதாம். பாதி வழியில் மழை பிடித்தது. வெளிச்சம் குறைந்தது. கண்ணாடி ஓரத்தில் வெள்ளையாகக் கட்ட ஆரம்பித்தது.

"தம்பி, கண்ணாடிக்குக் காத்து எதுல?" என்றேன்.

"நீங்க ரோட்டப் பாருங்கக்கா, நான் பாத்துக்கறேன்."

ஒன்றைத் தொட்டார், பாட்டு அலறியது. இன்னொன்றைத் தொட்டார், என் சீட்டு சுட ஆரம்பித்தது. நான் என் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினேன், ஆவி போகட்டும் என்று. "ஐயோ, தண்ணி அடிக்குதுக்கா, திரை நனைஞ்சிரும், ஏத்துங்க" என்றார். ஏற்றினேன். ஒதுங்கி நிறுத்தலாம் என்றால் ஓரத்தில் இடமே இல்லை, பின்னால் ஒரு டேங்கர் முட்டுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்தேன்.

"வாயால சொன்னாலே கேக்கும், பாருங்க" என்று, "கண்ணாடி!" என்று சத்தமாகச் சொன்னார். ஒரு பெண் குரல், "அருகில் மூன்று கண்ணாடிக் கடைகள் உள்ளன" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அந்த நேரத்திலும் சிரித்தோம், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அதற்குள் கண்ணாடி முக்கால்வாசி மூடிவிட்டது. அவர் திரும்பத் திரும்ப அழுத்தினார். திரையில் ஏதோ எழுத்து பெரிதாக வந்து எல்லாவற்றையும் மறைத்தது. அவருக்கு மருந்து விட்ட கண். கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை.

"அக்கா, எல்லாம் கலங்கலா இருக்கு. இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

பார்த்தேன். படித்தும் காட்டினேன். "புதிய பதிப்பு தயார். இப்போது நிறுவவா, பிறகா?" "பிறகுன்னு போடுங்க தம்பி" என்றேன். நிமிர்ந்தேன். டயர் வெடித்து நின்றிருந்த லாரியின் பின்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். ஸ்டியரிங்கை என் பக்கம் ஒடித்தேன். அதனால்தான் அவர் பக்கம் போய் இடித்தது. அதை நினைக்காத நாள் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஆஸ்பத்திரி நடையில் வைத்து போலீஸ்காரர் என்னைக் கேட்டார். உள்ளே அவர் மூக்கிலும் வாயிலும் குழாயோடு கிடக்கிறார். அப்போது போய், உள்ளே கிடக்கிறவர்தான் திரையை நோண்டினார் என்று சொல்லவா? நினைவு தெளிந்ததும் அவரே சொல்வார் என்று நினைத்தேன். அப்புறம் தூங்கிக்கொண்டிருந்தார் என்று நீ எழுதினாய். சரி, சொல்ல மாட்டார் என்று புரிந்துகொண்டேன். உன் குடித்தனத்துக்குள் நான் போய்க் கல்லைப் போடவா?

அவரை ரொம்பக் கேட்காதே.

அக்கா


அக்டோபர் 13

அக்கா,

கேட்டேன்.

அந்தத் தாளைக் கொண்டுபோய் அவர் போர்வை மேல் வைத்தேன். "ஏழு தடவ தொட்டிருக்கு. அக்கா ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருந்திருக்கு. அப்ப யாரு, பேயா?" என்றேன்.

தாளை எடுத்துப் பார்த்தார். "நான்தான்" என்றார்.

"தூங்கிட்டேன்னு சொன்னீங்களே."

"நீ ஆஸ்பத்திரிக்குள்ள வரும்போதே உங்க அக்காவத் திட்டிக்கிட்டுதான் வந்தே. எனக்குப் பேச வாய் வரல. அன்னைக்கு ஒரு நாள் சும்மா இருந்துட்டேன். மறுநாள் அதச் சொல்லணும்னா, நேத்து ஏன் சொல்லலன்னு முதல்ல சொல்லணும். அப்படியே ஒவ்வொரு நாளும் சொல்றது கஷ்டமாப் போச்சு. ஒரு கட்டத்துல, நெஜமாவே தூங்கிட்டேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுது."

"அவங்க வேலை போகப் போகுது, தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் உங்க அக்கா பேரு எடுத்தா தொண்ட வறண்டுபோகுது."

அழுதார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. தேற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாடிக்குப் போய் வெறும் தரையில் படுத்துக்கொண்டேன். காலையில் இறங்கி வந்து வழக்கம் போல வெந்நீர் வைத்தேன். வேறு என்ன செய்வது?

இப்போது என் முறை. போக்குவரத்து ஆபீஸுக்கு நான் எழுதியதை நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். "இவரிடம் இனி ஐம்பது பேர் உயிரை ஒப்படைக்கக் கூடாது. இவருக்குப் பஸ் ஓட்டும் தகுதி இல்லை என்று இவர் தங்கையாகிய நானே சொல்கிறேன்." நல்ல கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். லேபில் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி. ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் முன்னால் இரண்டு தடவை சோதிக்கிறவள் நான். உன் விஷயத்தில் ஒரு தடவை கூடச் சோதிக்கவில்லை.


அக்டோபர் 17

ஐம்பது பேர் என்று எழுதினாயே, நின்றுகொண்டு வருகிறவர்களையும் சேர்த்தால் எழுபது.

பொடிசு, மாப்பிள்ளை பொய் சொன்னது எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அவர் பயந்தார். மனுஷன் பயப்படுவான். நீ பயப்படவில்லை. உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறாய், தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாய்.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.


அக்டோபர் 22

அக்கா,

என் கடிதத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஆபீஸுக்குப் போன் செய்தேன். பதிவாகிவிட்டது, எடுக்க முடியாது, வேண்டுமானால் நேரில் வந்து வேறு வாக்குமூலம் கொடுக்கலாம் என்றார்கள். வருகிறேன். அவரும் வருகிறேன் என்கிறார். ரயிலில் ஐந்து மணி நேரம் உட்கார முடியாதே என்றேன். "படுத்துக்கிட்டு வர்றேன். நான் சொல்ல வேண்டியத நீ சொல்லிட முடியாது" என்றார். சக்கர நாற்காலி வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன்.

நீ எங்களை அழைத்துப் போக ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். எந்த முகத்தோடு இறங்குவது என்று தெரியவில்லை.


நவம்பர் 4

பொடிசு,

விசாரணை அன்றைக்கு உன்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். உன் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டதோடு சரி. உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. மாப்பிள்ளை முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார். நான் வெளியே வருவதற்குள் உங்கள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நடையின் அந்தக் கோடியில் நீ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாய். கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை.

உள்ளே மூன்று அதிகாரிகள். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தே பேசலாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை, மேசையைப் பிடித்து எழுந்து நின்றார். "நான் தூங்கல சார். திரைய நோண்டினது நான். அவங்களப் பாக்கச் சொன்னதும் நான். வீட்ல பொய் சொன்னதும் நான்" என்றார். என் பக்கம் திரும்பி, "அக்கா" என்றார். நான்தான் "உக்காருங்க தம்பி" என்றேன்.

கார் கம்பெனி அனுப்பிய கடிதத்தை ஒரு அம்மா படித்தார். கையேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், வண்டியை நிறுத்திய பிறகுதான் திரையில் அமைப்புகளை மாற்ற வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதாம். "மழை வண்டிய நிறுத்துனதுக்கப்புறமா வரும், மேடம்?" என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

நடுவில் இருந்தவர் அந்தக் கணக்குத் தாளைத் திருப்பினார். அந்தக் காரில் ஓட்டுகிறவர் கண் எங்கே போகிறது என்று பார்க்கவும் ஒரு கேமரா இருக்கிறதாம். "நாலு விநாடி உங்க பார்வை ரோட்டுல இல்ல. சரிதானே?"

"சரிதான்."

"இன்னொருத்தர் சொன்னதாலதான் பாத்தீங்களா?"

அந்த அறையே எனக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாப்பிள்ளையும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், சொல்லுங்க சொல்லுங்க என்று.

"அவர் சொன்னார். பாத்தது நான். கண்ணு என்னோடது" என்றேன்.

முடிவு நேற்று தபாலில் வந்தது. லைசென்ஸை ரத்து செய்யவில்லை. இன்னும் எட்டு மாதம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அப்புறம் புதிதாகச் சோதனை. கடைசிப் பக்கத்தில், ஓடும் வண்டியில் மழைக்குத் தேவையானதைத் திரைக்குள் தேட வேண்டியிருப்பது ஆபத்து என்று இரண்டு வரி எழுதியிருக்கிறார்கள். அதை யார் படிப்பார்கள், எதை மாற்றுவார்கள், எனக்குத் தெரியாது. படிக்கும்போது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது, அவ்வளவுதான்.

எட்டு மாதம் நீளம்தான். அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். உன் முதல் கடிதத்தால் இது வந்ததோ என்று நீ மனசைக் குழப்பிக்கொள்வாய், உன் குணம் எனக்குத் தெரியும். அதனால் இல்லை. அந்தக் கடிதத்தை அவர்கள் படிக்கக்கூட இல்லை, கோப்பில் கிடந்தது. படித்தது நான்தான். என் வழக்குக் கோப்பைப் பார்க்க எனக்கு உரிமை உண்டு என்றார்கள். அழகான கையெழுத்து.

மாப்பிள்ளைக்கு லிஃப்ட் கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை தருகிறார்களாம், அன்றைக்கு உள்ளே அவரே சொன்னார். புகார் போனை எடுக்கிற வேலை. பேச்சையே நிறுத்திவிட்ட மனுஷனுக்கு அது நல்லதுதான். அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நின்று சொன்னாரே, அது போதும்.

உன் மேல் இருக்கிறது. மறைத்து என்ன பண்ண? துணி துவைக்கும்போது வருகிறது, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது வருகிறது. ஆமாம், இப்போது நானும் ஸ்டாப்பில் நின்று பஸ் ஏறுகிறேன், டிரைவர் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் முன்சீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். சீக்கிரம் போகும் என்று தோன்றவில்லை. போகாமலேகூட இருக்கலாம்.

டிசம்பரில் உனக்குப் பத்து நாள் லீவு வருமே. அவருக்குப் படி ஏற வேண்டியதில்லை, என் வீடு தரைத்தளம். உள் அறையில் வெயில் வரும். நீ வந்தாலும் அந்தக் கோபம் இங்கேயேதான் இருக்கும், மூன்று பேரோடு நாலாவது ஆளாக. இருந்துவிட்டுப் போகட்டும்.

வா.

அக்கா